எந்த அறையின் வெப்பநிலை?

“சிவப்பு வைன் அறை வெப்பநிலையில் பரிமாறப்படல் வேண்டும். அதனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதோ பனிக்கட்டியில் அமிழ்த்துவதோ ஒழுங்கு மீறலாகும்.”

நமது சேவைக் கையேட்டில் வைன் பற்றிய அத்தியாயம் இப்படித்தான் தொடங்குகிறது. விடுதிப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் முதல் வாரத்திலேயே இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் செய்தேன். பிறகு உணவு, பானப் பிரிவு முகாமையாளராக இருந்த ஆண்டுகளில் உங்களைப் போன்றவர்களைச் செய்ய வைத்தேன். சுருக்கமான, தெளிவான விதி. எந்த அறை என்பதை மட்டும் அது சொல்லவில்லை.

விதியை எழுதியவர் குளிர் மலைநாட்டு நுவரெலியாவில் இருந்திருக்கலாம். நான் இருந்தது மட்டக்களப்பு வாவிக் கரையில். ஆடி மாதத்தில் கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும்போது இங்குள்ள அறையொன்றில் வைத்த முட்டை அவியாது. ஆனால் அவிவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்.

சென்ற ஆண்டு ஆடியில்தான் கொழும்புத் தலைமையகம் ஒரு புதிய வைனை அனுப்பியது. பிரெஞ்சுச் சிவப்பு வைன். விலை குறைவு. “மென்மையானது, நாளாந்தம் அருந்தத்தக்கது” என்று சுற்றறிக்கையில் இருந்தது. கிளாஸ் கணக்கில் விற்க வேண்டுமாம். பெட்டியைத் திறந்து ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்தேன். மறுபக்கம் இருந்த என் விரல்கள் தெரிந்தன. அதுவரை நாம் விற்ற சிவப்பு வைன்கள் பேனா மையைப் போல இருக்கும். இது விரலைக் காட்டியது. தக்கையும் இல்லை. சோடாப் போத்தலுக்குப் போல தகரத்தில் ஒரு திருகுமூடி.

ருசி பார்த்துச் சொல்ல ஆளில்லை. நான் மெதடிஸ்த சபை. திருவிருந்திலே எங்களுக்குக் கொடுப்பது திராட்சைச் சாறு, அதற்கு மேல் போனதில்லை. தலைமைச் சமையற்காரர் காத்தான்குடி முஸ்லிம், அவரிடம் கேட்கவே கூடாது. பார் பொறுப்பில் இருந்த கிருபா, மற்ற நாட்களில் புதிய போத்தல் எதையும் ஒரு மிடறு பார்த்துச் சொல்லக்கூடியவன், அந்த வாரம் மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு விரதம். அன்று எங்கள் கட்டடத்தில் வைன் குடிக்கக்கூடியவர்கள் விருந்தினர்கள் மட்டும்தான். இப்படியொரு நிலைமையைக் கையேடு எதிர்பார்த்திருக்கவில்லை.

முதல் போத்தலைக் கேட்டவர் பெனடிக்ற் என்ற ஒருவர். இங்கே தாண்டவன்வெளியில் பிறந்து, முப்பது வருடமாகப் பாரிசில் இருப்பவர். தங்கையின் மகளுக்குச் சம்பந்தம் பேசி, மாப்பிள்ளை வீட்டாரை வாவியோர மேசைக்கு அழைத்து வந்திருந்தார். தாய்மாமன் தரும் விருந்து. பட்டியலில் பிரெஞ்சு வைனைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இது எங்கட ஊர்ச் சாமான்” என்று மாப்பிள்ளையின் தகப்பனிடம் சொன்னாராம்.

மேசையில் கிருபா கையேட்டின்படியே நடந்தான். போத்தலைக் காட்டினான், திறந்தான். கழற்றிய தக்கையைச் சிறு தட்டில் வைத்து, விருந்தளிப்பவர் முகர்ந்து பார்க்கக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தக்கை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று விதி இல்லை. ஆகவே அவன் வெள்ளைத் துணி விரித்த தட்டில் அந்தத் தகர மூடியை வைத்து நீட்டினான்.

“தம்பி, இதென்ன?”

“வைன்ட மூடி சேர்.”

“மூடிய என்னத்துக்குடா எனக்குத் தாறாய்?”

“மணந்து பாக்க சேர்.”

மாப்பிள்ளையின் தாய் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு கிளாசில் ஊற்றப்பட்டது வெளிறிய சிவப்பாக, குளிர்ந்து, கிளாசுக்கு வெளியே வியர்வை கட்டி நின்றது. “இது சர்பத்தா?” என்று மாப்பிள்ளையின் தகப்பன் மரியாதையாகத்தான் கேட்டார். பெனடிக்ற் என்னைக் கூப்பிடச் சொன்னார்.

“மிஸ், நான் முப்பது வருசம் பிரான்சில இரிக்கன். சிவப்பு வைன் எண்டா கறுப்பா இரிக்கும். ஐஸ்ல போடமாட்டானுகள். இது தண்ணி கலந்த சாமான்.”

“தண்ணி கலக்கல்ல சேர்” என்றான் கிருபா. “ஐஸ் தண்ணிக்குள்ள வச்ச போத்தல், அவ்வளவுதான்.”

ஐஸ், தண்ணி. குற்றம் சாட்டப்பட்டவன் அந்த நேரத்தில் சொல்லக்கூடாத இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன.

பெனடிக்ற் எங்கள் இணையத்தளத்தில் முறைப்பாட்டைப் பதிந்தார். மறுநாள் மதியம் தலைமையகத்தின் மனிதவள அதிகாரி தொலைபேசி எடுத்தார்.

“மிஸ், இது லைசன்ஸ் விஷயம். பின்னேரத்துக்குள்ள அந்தப் பையன சஸ்பெண்ட் பண்ணி லெட்டர் அனுப்புங்க.”

இங்கே நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பணியிடைநிறுத்தம் என்பது கையேட்டின்படி தண்டனை அல்ல, தற்காலிக ஏற்பாடு. கையேடு அப்படித்தான் சொல்லும். ஆனால் கல்குடாவிலிருந்து அறுகம்பை வரை விடுதிக்காரர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ‘மதுவில் கலப்படம்’ என்று ஒரு கடிதம் போனால், பிறகு அவன் குற்றமற்றவன் என்று பத்துக் கடிதம் போட்டாலும் இந்தக் கரையில் ஒருவரும் அவன் கையில் தட்டைக் கொடுக்கமாட்டார்கள். கிருபாவுக்கு அப்போது தகுதிகாண் காலம். கார்த்திகையில் நிரந்தரமாக்க வேண்டும். அவன் தொழிலே அந்தக் கடிதத்தில்தான் தொங்கியது.

அவனோ கடிதம் வரும்வரை காத்திருக்கவில்லை. தானே ஒன்று எழுதிக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

“மிஸ், நான் விலகிப் போறன்.”

“எங்க போறாய்?”

“ஊருக்குத்தான், களுதாவளைக்கு. வெத்திலைத் தோட்டம் இரிக்கு. கொழும்பால தூக்க முந்தி நானாப் போனா மரியாதைதானே?”

“தண்ணி கலந்தியா?”

“மாமாங்கத்துக்கு விரதம் இரிக்கன் மிஸ். அமாவாசைக்குத் தீர்த்தமாடப் போற வாயால பொய் சொல்லுவனா?”

“அப்ப ஐஸ்ல ஏன் வச்சாய்?”

“போத்தலத் தொட்டன், சுட்டது. கைப்பிள்ளைக்குக் குளிக்க வாக்கிற தண்ணி மாதிரி. அதக் கொண்டுபோய் சம்பந்தம் பேசுற மேசையில எப்பிடி மிஸ் வைக்கிற?”

“கையேடு என்ன சொல்லுது?”

“அறை வெப்பநிலை எண்டு சொல்லுது.”

“பிறகு?”

“அறைக்குக் காய்ச்சல் மிஸ்.”

சிரிக்கக்கூடாத இடம், சிரிக்கவில்லை. மூடி முத்திரையோடு இருந்ததா என்று கேட்டேன். திறக்கும்போது ‘டிக்’ என்று முத்திரை உடைந்த சத்தம் கேட்டதாம். “கச்சான் காத்துக்குள்ள சேருக்குக் கேட்டிரிக்காது” என்றான். அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்ட ஒரே ஆள் குற்றம் சாட்டப்பட்டவன்.

விலகல் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாத முன்னறிவித்தல் இல்லை, ஆகவே படிவம் பிழை. “சரியா எழுதிக் கொண்டா, பாப்பம்” என்றேன். அவனுக்குச் சரியாக எழுதத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். நடைமுறை தெரிந்தவர்களுக்கு இப்படிச் சில சலுகைகள் உண்டு.

பிறகு களஞ்சியத்தைத் திறந்து, தொடப்படாத போத்தலொன்றை எடுத்து வந்து, சமையற்காரரைச் சாட்சியாக நிற்கச் சொன்னேன். “நான் பாக்கன் மிஸ், ஆனா மணக்கமாட்டன்” என்று சொல்லி எட்டி நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்தேன். ‘டிக்’ என்றது. ஊற்றினேன். இதுவும் அதே வெளிறிய நிறம். நல்லது, விடயம் முடிந்தது என்று நினைத்து மனிதவள அதிகாரிக்குச் சொன்னேன்.

“அப்ப ஸ்டோர்ல இருக்கிறது முழுக்கக் கலந்திருப்பான்” என்றார் அவர். “திருகித் திறக்கிற மூடியத் திருகி மூடவும் ஏலும்தானே?”

அந்தப் பெட்டிகள் தலைமையகத்தின் களஞ்சியத்திலிருந்து முத்திரையோடு முதல்நாள்தான் வந்து இறங்கியவை என்பதை நினைவூட்டினேன். 

“நீங்க டேஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா மிஸ்?” என்று பேச்சை மாற்றினார்.

அதுவும் ஒரு கடமையென்றால் செய்யத்தானே வேண்டும். ஒரு கிளாஸ் அறை வெப்பநிலையில், ஒரு கிளாஸ் ஐஸில் வைத்து. ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்த ஒரு பெண், வாழ்க்கையில் முதல் தடவையாக, அலுவலக நேரத்தில், சாட்சியின் முன்னிலையில் வைன் அருந்தினாள். கறைபிடித்த கிளாசையும் ஈயையும் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. சூடான கிளாஸ் புளித்தது. குளிர்ந்த கிளாசும் புளித்தது, ஆனால் சற்று மரியாதையாகப் புளித்தது. அறிக்கையில் “ருசி: புளிப்பு” என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதியிருந்தால் அது பொய்.

இணையத்தில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தேன். ஒருவர் இத்தகைய வைனைக் குளிர வைக்கச் சொன்னார். இன்னொருவர் சிவப்பு வைனைக் குளிர வைப்பவன் எதையும் செய்யக்கூடியவன் என்றார். இருவரும் மிகவும் உறுதியாக இருந்தார்கள். நான் மட்டும்தான் குழம்பியிருந்தேன். வெளிறிய நிறம், தகர மூடி, மலிவு, குளிர்: இந்த நான்கும் கலப்படத்தின் அடையாளங்களாகவும் இருக்கலாம், இந்த வைனின் பிறவிக் குணங்களாகவும் இருக்கலாம். எது என்று சொல்லக்கூடிய ஒருவர் எனக்கும் கொழும்புக்கும் இடையில் இல்லை.

பின்னேரத்துக்குள் கடிதம் அனுப்பச் சொன்னார்கள் அல்லவா? அனுப்பினேன். பணியிடைநிறுத்தக் கடிதம் அல்ல, வினாக் கடிதம். ஒன்று, மேற்படி வைனின் இயல்பான நிறம் யாது? இரண்டு, விதியில் ‘அறை’ எனப்படுவது எந்த அறை, அது எவ்வூரில் உள்ளது? மூன்று, திருகுமூடியின் முத்திரை உடைந்ததற்குச் சான்றாக எதனைக் கொள்ளலாம்? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை மேலோட்டமாகவேனும் குற்றத்தைக் காட்டும் முதற்றோற்றச் சான்று இல்லையென்பதால் விசாரணை தொடங்கியதாகக் கொள்ளப்படமாட்டாது என்று ஒழுக்காற்று விதியை மேற்கோள் காட்டி முடித்தேன். கிருபாவைப் பாரிலிருந்து எடுத்து, காலைச் சாப்பாட்டுப் பக்கம் அப்பமும் பாற்சொதியும் பரிமாற விட்டேன். அப்பத்துக்கு ஒருவரும் மூடி கேட்பதில்லை.

விமானமேறுமுன் பெனடிக்ற் ஒருநாள் காலையில் தேத்தண்ணி குடிக்க வந்தார். பார் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“எங்க மிஸ் அந்தப் பொடியன்? காணல்ல.”

“காலைச் சாப்பாட்டுப் பக்கம் மாத்தியிரிக்கு. உங்கட முறைப்பாட்டுக்கு வேலையால நிப்பாட்டச் சொல்லிக் கொழும்பு சொல்லுது.”

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார். “ஐயோ, நான் பொடியனத் தூக்கச் சொல்லல்ல மிஸ். வைனத் தூக்கச் சொன்னன்.”

“ரெண்டும் ஒரே கோப்பிலதான் இரிக்கு. ஒண்டு கேக்கன், இந்த வைன நீங்க பிரான்சில குடிச்சிருக்கீங்களா?”

அவர் வாவியைப் பார்த்தார். எங்கள் விடுதியில் கஷ்டமான கேள்விகளுக்கு எல்லோரும் வாவியைத்தான் பார்ப்பார்கள்.

“உண்மையச் சொன்னா மிஸ், நான் விஸ்கி. வைன் எண்டா நான் வேலை செய்யிற ரெஸ்டோரண்ட் குசினியில இறைச்சிக்கு ஊத்துறதுதான் எனக்குத் தெரியும். அது நல்ல கறுப்பு. முன்னுக்கு மேசையில ஆக்கள் என்ன குடிக்கிறாங்க எண்டு போய்ப் பாத்ததில்ல. குசினிக் கதவு ரெண்டு பக்கமும் ஆடும். நாங்க ஒரு பக்கம்தான்.”

“அப்ப தண்ணி கலந்தது எண்டு எப்பிடித் தெரிஞ்ச?”

“சம்பந்திப் பொம்புள சிரிச்சிட்டா மிஸ். அதுக்குப் பிறகு நான் என்னத்தையாவது சொல்லத்தானே வேணும்?”

“சம்பந்தம் என்ன மாதிரி?”

“அது சரி வந்திட்டு. அந்த மூடிக் கதையச் சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு குடும்பமும் சேந்திரிக்கு.”

முறைப்பாட்டை மீளப்பெறுவதாகச் சொல்லி அங்கேயே தொலைபேசியை எடுத்தார். எங்கள் இணையத்தளத்தில் முறைப்பாட்டைப் பதிவதற்கு இடமிருந்தது. மீளப்பெறுவதற்கு இடமிருக்கவில்லை. பிறகு போத்தலின் முகப்பைப் படம் பிடித்துக்கொண்டு, “ஊருக்குப் போய் விசாரிச்சு எழுதுறன்” என்று சொல்லிப் போனார். ஊர் என்று அவர் சொன்னது பாரிசை.

ஆவணி போனது, புரட்டாதி போனது. தலைமையகத்திலிருந்து பதில் இல்லை. தம்முடைய களஞ்சியமே சந்தேகத்துக்குள் வந்த பிறகு ஒரு தலைமையகம் எவ்வளவு நிதானமாகும் என்பதை நீங்கள் போகப்போக அறிவீர்கள். பாரிசிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. கிருபா ஒவ்வொரு நாளும் அப்பத்தட்டை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் உரையாடல்.

கார்த்திகையில் மழை பிடித்தது. தகுதிகாண் அறிக்கையில் நான் கையெழுத்து வைக்க வேண்டிய நாளும் வந்தது. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்று இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தன. விளங்கவில்லை என்றொரு கட்டம் இல்லை. வெறுமையாக விட்டால் நியமனம் தானாகவே முடிவுக்கு வரும். அன்று காலை மனிதவள அதிகாரி மறுபடி தொலைபேசி எடுத்தார்.

“விசாரணை முடியாம எப்படி மிஸ் கன்ஃபர்ம் பண்ணுவீங்க?”

“தொடங்காத விசாரணை எப்பிடி முடியும்?”

“அவன் உண்மையிலேயே கலந்திருந்தா?”

“அப்ப நான் கையெழுத்து வச்சது பிழை. என்ட பேர் கீழ தெளிவா இரிக்கும்.”

தொலைபேசியை வைத்த பிறகு நான் உறுதியாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அவன் முகம் உண்மை சொல்லும் முகமாக இருந்தது. ஆனால் உண்மை சொல்லும் முகத்தோடு வந்து கரண்டி களவெடுத்தவர்களையும் நான் கண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் ஒரு பக்கம் பிழைத்தால், சில விருந்தினர்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்திருப்பார்கள். மறுபக்கம் பிழைத்தால், ஒரு மனிதன் கற்ற தொழிலை விட்டுப் போவான். முதலாவது பிழையைத் திருத்தலாம். இரண்டாவதைத் திருத்த நினைக்கும்போது அவன் அங்கே இருக்கமாட்டான். நீங்களும் ஒருநாள் இப்படியொரு தாளின் முன்னால் இருப்பீர்கள். தெளிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அதற்கு உங்கள் அலுவலக நேரம் தெரியாது. எந்தப் பிழையோடு உங்களால் நாளைக்கு வேலைக்கு வர முடியும் என்று பாருங்கள். நான் முதலாவது கட்டத்தில் அடையாளமிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட, நான் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்த நாட்களில், பாரிசிலிருந்து குரல்பதிவு வந்தது. கிருபாவைக் கூப்பிட்டுச் சேர்ந்து கேட்டோம்.

“மிஸ், பெனடிக்ற் கதைக்கிறன். சுணங்கிப் போச்சு, குறை நினைக்காதீங்க. கண்டுபிடிச்சிட்டன். எங்கட வீட்டுக்குக் கீழ இரிக்கிற கடையிலயே வச்சிருக்கான், பிரிட்ஜுக்குள்ள, பாலுக்குப் பக்கத்தில. கட்டட வேலைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எடுத்துக் குடிக்கிறானுகள். அதே தகர மூடி. ஒருத்தரும் மணந்து பாக்கல்ல. நானும் ஒண்டு வாங்கினன். சர்பத் மாதிரித்தான் இரிக்கு. ஆனா ரெண்டாவது கிளாசுக்குப் பிறகு பிழை சொல்ல ஏலாம இரிக்கு மிஸ். பொடியனட்டச் சொல்லுங்க.”

கிருபா தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றான். “அப்ப நான் சரியா மிஸ்?”

“வைன் சரி. நீ கையேட்டுக்கு இன்னும் பிழைதான்.”

“மறுகா என்ன செய்யிற?”

“பாருக்குப் போ. ஐஸ் வாளியக் கழுவி வை.”

குரல்பதிவைக் கோப்பில் சேர்க்க வழியில்லை. அதற்கான கட்டளை கையேட்டில் கிடையாது. ஆகவே என் வினாக் கடிதம் விடையில்லாமல் திறந்த கோப்பாகவே கிடக்க, நான் ஓய்வு பெற்றேன்.

சில நாட்களுக்கு முன் கிருபா என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். பின்னால் கச்சான் காற்று இரைந்தது. விடியற்காலை அமிர்தகழி மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாடிவிட்டு வேலைக்கு வந்திருக்கிறான். தலைகூட இன்னும் காயவில்லையாம்.

“மிஸ், கொழும்பால பதில் வந்திரிக்கு. உங்கட பேருக்குத்தான். வாசிக்கட்டா?”

“வாசி.”

“‘முதலாம், மூன்றாம் வினாக்கள் வழங்குநருக்கு அனுப்பப்பட்டுள்ளன. இரண்டாம் வினா தொடர்பில், அறை என்பதற்கான வரைவிலக்கணம் கையேட்டின் அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும். அதுவரை தங்கள் விடுதியில் தற்போதுள்ள நடைமுறையையே பின்பற்றவும்.’ அவ்வளவுதான் மிஸ்.”

“அங்க தற்போதுள்ள நடைமுறை என்ன?”

அவன் தொலைபேசியை எங்கோ கிட்டக் கொண்டுபோனான். வாளிக்குள் ஐஸ் கட்டிகள் உருண்டு போத்தலில் மோதும் சத்தம் கேட்டது.

“சரி” என்றேன். “பதிலக் கோப்பில போட்டு, வந்த திகதிய எழுதி வை.”

எழுதினான். இந்த ஆண்டு ஆடி அமாவாசை.